பேர் ஒண்ணு, ஆள் வேற: நீலகிரி உருளைக்கிழங்கின் கருகல் நோய் வரலாறு

தாம்பரம் சண்முகம் சாலைக் கடைகளில் உருளைக்கிழங்கு ரெண்டே வகைதான். ஒன்று ஊட்டி, இன்னொன்று மற்றதெல்லாம். ஆக்ரா, இந்தூர், குஜராத், கோலார் என்று எந்த ஊரிலிருந்து மூட்டை வந்தாலும் அது வெறும் 'கிழங்கு'. ஊட்டிக்கு மட்டும்தான் ஊர்ப் பேரும் உண்டு, கிலோவுக்குக் கூடுதல் விலையும் உண்டு. அடையாளம் என்று பார்த்தால் தோலில் ஒட்டியிருக்கும் மலை மண்தான். வேறு ஊர்க் கிழங்கில் மண்ணைப் பூசி ஊட்டி என்று தள்ளிவிடுகிறார்களோ என்ற சந்தேகம் வாங்குகிறவர்களுக்கு எப்போதும் இருக்கும். பேரை நம்பாதே, ஆளைப் பார் என்பது சந்தையில் நாம் எல்லோரும் கடைப்பிடிக்கிற விதி.

இந்தக் கட்டுரை அந்த ஊட்டிக் கிழங்கைத் தாக்கும் நோயைப் பற்றியது. அங்கேயும் அதே விதி பொருந்துகிறது என்பதுதான் நான் சொல்ல வருவது. பின்பருவ இலைக்கருகல், சுருக்கமாகப் பின்கருகல், என்று சுமார் 150 வருடமாக ஒரே நோயாக நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அந்தப் பேருக்குப் பின்னால் இருக்கும் ஆள் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. இப்போது மலையிலும் சமவெளியிலும் இருப்பது ஏறக்குறைய மூன்றாவது ஆள். ஒவ்வொரு தடவையும் ஆள் மாறியது தெரியாமல் பழைய ஆளுக்கான வைத்தியத்தையே தொடர்ந்தோம். அந்த வைத்தியத்துக்கான செலவு முழுக்க விவசாயி தலையில்.

நான் விவசாயியும் இல்லை, உயிரியல் படித்தவனும் இல்லை. பி.இ. முடித்து நிரல் எழுதிப் பிழைக்கிறவன். அதனால் சில இடங்களில் என் தொழில் பாஷை எட்டிப் பார்க்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கிழங்கு, பின்னால் நோய்

உருளைக்கிழங்கின் பூர்வீகம் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. நீலகிரிக்கு அதைக் கொண்டுவந்ததில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுக்குப் பெரிய பங்கு உண்டு. 1819-ல் மலையேறிய சல்லிவன், 1820களில் ஊட்டியில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, ஐரோப்பியக் காய்கறிகளைப் பயிர்செய்து பார்த்தார். அதில் நன்றாக ஒட்டிக்கொண்டது உருளை. சாமையும் கேழ்வரகும் விளைவித்துக்கொண்டிருந்த படகர்கள் அதைக் காசுப் பயிராக எடுத்துக்கொண்டார்கள். மேட்டுப்பாளையம் மண்டி, அங்கிருந்து சமவெளி என்று ஒரு வழி உண்டானது. இன்று கோயம்பேடு வழியாகத் தாம்பரம் வரைக்கும் வருவது அந்த வழியின் நீட்சிதான்.

அரை நூற்றாண்டுக்கு மலைக் கிழங்குக்குப் பின்கருகல் கிடையாது. இந்தியாவில் இந்த நோய் முதலில் தென்பட்டதே நீலகிரியில்தான், 1870க்கும் 1880க்கும் நடுவில். 1880களில் டார்ஜிலிங், காசி மலைப் பக்கம் தெரிந்தது. நூற்றாண்டு முடிகிற சமயத்தில் வங்காளத்தின் ஹூக்ளி மாவட்டத்தில் சமவெளிக்கும் இறங்கிவிட்டது.

ஏன் 1870கள்? 1845-லேயே ஐரோப்பாவைச் சூறையாடிய நோய் இங்கு வர ஏன் 30 வருடம் ஆனது? என் ஊகம் இது: 1869-ல் சூயஸ் கால்வாய் திறந்தது. அதற்கு முன்னால் விதைக்கிழங்கு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு, மாதக்கணக்கில் வெப்பக் கடலில் வெந்துதான் வரவேண்டும். நோய் பிடித்த கிழங்கு வழியிலேயே அழுகிப்போயிருக்கும். நீராவிக் கப்பலும் கால்வாயும் சேர்ந்து பயணத்தைச் சில வாரங்களாகச் சுருக்கியபோது, கிழங்கோடு நோயும் உயிரோடு வந்து சேர முடிந்தது.

அதே பத்தாண்டில்தான் மதராஸ் மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. அந்தப் பேரழிவின் நடுவில் மலைமேல் ஒரு செடியின் இலை கருகியது யார் கவனத்துக்கும் பெரிதாக வராததில் ஆச்சரியமில்லை. இன்னொரு காரணமும் இருக்கிறது. அயர்லாந்தில் ஏழைகளின் முழுச் சாப்பாடே உருளைக்கிழங்குதான். பயிர் போனதும் ஏறக்குறைய 10 லட்சம் பேர் செத்தார்கள், அதற்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறிப் போனார்கள். நீலகிரியில் உருளை விற்பதற்கான பயிர். கருகினால் வயிறு காயாது, கடன் ஏறும். கடனால் வரும் அழிவு பஞ்சம் மாதிரிக் கண்ணில் படாது, கணக்குப் புத்தகத்துக்குள்ளேயே நடந்து முடிந்துவிடும்.

நீலகிரிக்கு ஒரு தனிச் சிக்கலும் உண்டு. வட இந்தியச் சமவெளியில் கோடை வந்தால் 40 டிகிரி வெயிலில் இந்த உயிரி வயலில் பிழைக்காது. அடுத்த பருவத்துக்கு அது விதைக்கிழங்குக்குள் ஒளிந்து மறுபடி வரவேண்டும். நீலகிரியிலோ வெயில் அதைக் கொல்லாது. போதாததற்கு அங்கே வருடத்துக்கு மூன்று போகம்: கோடைப் பயிர், இலையுதிர்காலப் பயிர், ஜனவரியில் தொடங்கும் பாசனப் பயிர். ஒரு வயலில் அறுவடை நடக்கும்போது பக்கத்து வயலில் இலை துளிர்த்திருக்கும். சர்வரை ஒருநாளும் நிறுத்தாமல் ஓட்டுவது மாதிரி நோயும் ஓடிக்கொண்டே இருக்கிறது. கோடைப் பயிர் நிற்கும்போதே தென்மேற்குப் பருவமழை வந்துவிடும். குளிர், பனிமூட்டம், நாள்கணக்கில் காயாத இலை. நோய்க்கு வேறென்ன வேண்டும்?

பூஞ்சை மாதிரி, ஆனால் பூஞ்சை இல்லை

1845-ல் நோய் வந்தபோது பெரிய சண்டை நடந்தது. கெட்ட மழையால் செடி அழுகுகிறது, அழுகலில் பூஞ்சை பூக்கிறது என்பது ஒரு கட்சி. பூஞ்சைதான் காரணம், அழுகல் அதன் விளைவு என்றார் இங்கிலாந்துப் பாதிரியார் மைல்ஸ் பெர்க்லி. கடைசியில் அவர் பக்கம்தான் நியாயம் என்று ஜெர்மானியரான ஆன்டன் டி பாரி சோதனை செய்து நிரூபித்தார். 1876-ல் அவர் வைத்த பேர்தான் ஃபைட்டோஃப்தோரா இன்ஃபெஸ்டன்ஸ். முதல் பாதிக்குக் கிரேக்கத்தில் 'செடியை அழிப்பது' என்று பொருள்.

ஆனால் அது நிஜமான பூஞ்சை இல்லை என்பது பிற்பாடு தெளிவானது. ஊமைசீட் என்று ஒரு தனிக் கூட்டம். அதன் நெருங்கிய சொந்தக்காரர்கள் கடலில் இருக்கும் பழுப்புப் பாசிகள். பூஞ்சையின் செல்சுவரில் முக்கியப் பொருள் கைட்டின், இதில் செல்லுலோஸ். வெறும் வகைப்பாட்டு விவகாரமாகத் தோன்றும் இந்த வித்தியாசம் மருந்துக் கடையில் பெரிய விஷயம். பூஞ்சைகளைக் கொல்லும் பல மருந்துகள் இதன்மேல் வேலை செய்யாது, ஏனென்றால் அவை குறிவைக்கும் பாகமே இதனிடம் இல்லை. அதனால் கையில் உள்ள ஆயுதங்கள் ஏற்கனவே கொஞ்சம்தான். அதில் ஒன்று போனாலும் பெரிய இழப்பு.

முதல் ஆயுதம் தற்செயலாகக் கிடைத்தது. பிரான்சின் போர்டோ வட்டாரத்தில் சாலையோரத் திராட்சையைப் பறித்துத் தின்பவர்களைத் தடுக்க, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து கொடியில் அடித்துவைப்பார்களாம். அந்தக் கொடிகளுக்கு மட்டும் அடிச்சாம்பல் நோய் வராததைக் கவனித்த மில்லார்டே, 1885-ல் அதை மருந்தாக அறிவித்தார். இன்றைக்கும் நம் ஊரில் போர்டோ கலவை என்றால் தெரியாத தோட்டக்காரர் இல்லை. 100 லிட்டர் தண்ணீருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுண்ணாம்பு ஒரு கிலோ. 140 வருடம் ஆகிறது, இதற்கு எதிர்ப்பு வளர்த்துக்கொண்ட பின்கருகல் இன்னும் பரவவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் பொறுத்துப் பார்ப்போம்.

பழைய இலைகள் சொன்ன சாட்சி

1845-ல் வந்தது யார்? இதற்கு ரொம்ப நாளாக ஒரு பதில் இருந்தது. 20-ம் நூற்றாண்டில் உலகம் முழுக்கப் பரவியிருந்தது யூஎஸ்-1 என்ற ஒரே வம்சம். எல்லாம் ஒரே நகல், ஏ1 என்ற ஒரே பால் வகை. அதனால் அயர்லாந்துப் பஞ்சத்துக்குக் காரணமும் இதன் முன்னோர்தான் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நோய் தாக்கிய இலைகளை அந்தக் காலத்துத் தாவரவியலாளர்கள் காகிதத்தில் ஒட்டிப் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவின் ஜீன் ரிஸ்டைனோ குழு அந்த உலர்ந்த இலைகளிலிருந்து டிஎன்ஏவை எடுத்து, 2001-ல் நேச்சர் இதழில் ஒரு குண்டைப் போட்டது: மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ யூஎஸ்-1 உடன் பொருந்தவில்லை. 2013-ல் இன்னொரு ஐரோப்பியக் குழு முழு மரபணுத் தொகுதியையே பழைய இலைகளிலிருந்து படித்தது. பஞ்சத்துக்குக் காரணம் யூஎஸ்-1க்குப் பங்காளி முறையான வேறொரு வம்சம் என்று உறுதியானது. அதற்கு ஹெர்ப்-1 என்று பேர் வைத்தார்கள். ரிஸ்டைனோ குழு அதை ஃபாம்-1 என்கிறது. அந்த வம்சம் ஆறு கண்டங்களுக்கும் போயிருந்தது என்று 2021-ல் அதே குழு எழுதியது.

ஆக, முதல் ஆள் ஃபாம்-1. நீலகிரிக்கு 1870களில் கப்பலேறி வந்ததும் இதுவாகத்தான் இருக்க வேண்டும் என்று ஊகிக்கலாம். இரண்டாவது ஆள் யூஎஸ்-1, 20-ம் நூற்றாண்டில் முதல் ஆளை ஓரங்கட்டிவிட்டது. இந்த ஆள்மாற்றம் நடந்தபோது யாருக்கும் தெரியவில்லை. இலையில் வரும் புள்ளி ஒரே மாதிரி, அடியில் வரும் வெள்ளைப் பூசணம் ஒரே மாதிரி. நுண்ணோக்கியில் பார்த்தாலும் அதே எலுமிச்சை வடிவ வித்துப்பை. பேரும் அதே.

பூட்டும் சாவியும்

1949-ல் பாட்னாவில் தொடங்கி 1956-ல் சிம்லாவுக்கு மாறிய மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையம், அடுத்த வருடமே ஊட்டி முத்தோரையில் ஒரு கிளை வைத்தது. சிம்லா பக்கத்தில் இருக்கும் குஃப்ரி என்ற ஊரின் பேர் அவர்களின் ரகங்களுக்கெல்லாம் முதல் பேர். குஃப்ரி நீலா, குஃப்ரி நீலமணி, குஃப்ரி முத்து என்ற பேர்களைக் கேட்டாலே எந்த மலைக்காக என்று தெரிந்துவிடும். 1968-ல் வந்த குஃப்ரி ஜோதிதான் அதில் பெரிய வெற்றி. மலை, சமவெளி என்று எல்லா இடத்துக்கும் போனது. அது வந்தபோது அதன் பெரிய பெருமை பின்கருகலைத் தாங்குவதுதான்.

தாங்கும் சக்தி எங்கிருந்து வந்தது? மெக்சிகோவின் காட்டு உருளையான சொலானம் டெமிஸ்ஸம் போன்றவற்றிலிருந்து எடுத்த எதிர்ப்பு மரபணுக்கள்தான் அந்தக் கால ரகங்களின் மூலதனம். இந்த மரபணு ஒவ்வொன்றும் நோயுயிரி செலுத்தும் ஒரு குறிப்பிட்ட புரதத்தை அடையாளம் கண்டுபிடித்து அலாரம் அடிக்கும். அந்தப் புரதத்தை நோயுயிரி மாற்றிக்கொண்டாலோ கைவிட்டாலோ அலாரம் அடிக்காது. கடவுச்சொல் கசிந்த கணக்கு மாதிரி. குஃப்ரி ஜோதிக்கும் அதுதான் நடந்தது. மலைகளில் அதன் எதிர்ப்பு சில வருடங்களில் உடைந்தது. ரகம் அப்படியேதான் இருந்தது, எதிரில் நின்ற உயிரி மாறிவிட்டது.

அந்த உயிரியால் எப்படி இவ்வளவு சுலபமாக மாற முடிகிறது? 2009-ல் அதன் மரபணுத் தொகுதி வெளியானபோது விடை கிடைத்தது. மொத்தம் 24 கோடி எழுத்துகள். அதன் சொந்தக்காரனான, சோயாவைத் தாக்கும் ஃபைட்டோஃப்தோராவுக்கு 9.5 கோடிதான். இதில் நாலில் மூன்று பங்கு திரும்பத் திரும்ப வரும் துண்டுகள். அன்றாடப் பிழைப்புக்கான மரபணுக்கள் நெருக்கமாக ஓரிடத்தில் பத்திரமாக இருக்கின்றன. செடியைத் தாக்கும் புரதங்களுக்கான மரபணுக்கள் அந்தத் திரும்ப வரும் துண்டுகளின் நடுவே சிதறிக் கிடக்கின்றன. அங்கேதான் வெட்டும் ஒட்டும் அதிகம். எங்கள் தொழிலில் சொன்னால், மைய நிரலைத் தொடாமல் கான்ஃபிக் கோப்பை மட்டும் தினம் மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. நாம் ஒரு ரகத்தை உருவாக்க பத்து, பன்னிரண்டு வருடம் ஆகிறது. அதற்குச் சில பருவங்கள் போதும்.

ஒரே இடத்தில் அடிக்கிற மருந்து

1977-ல் மெட்டலாக்சில் என்ற மருந்து சந்தைக்கு வந்தது. அதுவரை இருந்த மயில்துத்தமும் மான்கோசெப்பும் இலையின் மேல் படிந்து நிற்பவை. மழை அடித்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மெட்டலாக்சில் செடிக்குள்ளேயே ஊடுருவும். மழை பற்றிக் கவலையில்லை, வந்த நோயையும் நிறுத்தும். நீலகிரி மாதிரி மழைக் காட்டில் இதைவிட வேறென்ன கேட்க முடியும்?

ஆனால் அதன் பலமே அதன் பலவீனம். நோயுயிரியின் உள்ளே ரைபோசோம் ஆர்என்ஏவைத் தயாரிக்கும் ஒரே ஒரு நொதியைத்தான் அது தடுக்கிறது. அந்த ஒரு இடத்தில் ஒரு சின்ன மாற்றம் வந்தால் மருந்து செல்லாக்காசு. மயில்துத்தமும் மான்கோசெப்பும் செல்லுக்குள் பல இடங்களில் ஒரே நேரத்தில் அடிக்கின்றன. எல்லா இடத்தையும் ஒரே சமயத்தில் மாற்றிக்கொண்டு பிழைப்பது ஏறக்குறைய முடியாத காரியம். 140 வருடமாகப் போர்டோ கலவை தாக்குப்பிடிப்பதன் ரகசியம் இதுதான்.

மெட்டலாக்சிலுக்கு அவ்வளவு காலம் கிடைக்கவில்லை. 1980-லேயே அயர்லாந்திலும் நெதர்லாந்திலும் அது தோற்றது. அயர்லாந்தில் தனி மருந்தாக விற்பதை நிறுத்தி, பிற்பாடு மான்கோசெப்புடன் கலந்துதான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நீலகிரியிலும் எதிர்ப்பு தோன்றியிருப்பதை அரோரா, காம்ப்ளே, கங்கவனே ஆகியோர் 1992-லேயே ஒரு ஆய்வுக் குறிப்பில் எழுதிவிட்டார்கள். வருடத்தைக் கவனியுங்கள். 30 வருடத்துக்கும் மேலாகத் தெரிந்த விஷயம் இது.

இப்போது கடையில் கிடைக்கும் கலவைப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். மெட்டலாக்சில் 8 சதவீதம், மான்கோசெப் 64 சதவீதம், மொத்தம் 72. வயலில் இருப்பது எதிர்ப்பு உள்ள ஆள் என்றால், அந்த 8 வெறும் அலங்காரம். வேலை செய்வது 64 மட்டும். ஆனால் மான்கோசெப்பைத் தனியாக வாங்கினால் 75 சதவீதப் பொடியாகவே கிடைக்கும், எம்-45 என்று சொன்னால் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பார், விலையும் குறைவு. அதாவது விவசாயி கூடுதல் காசு கொடுத்துக் குறைந்த மருந்தை வாங்குகிறார். அதைவிட மோசம், செடிக்குள் ஊடுருவிவிட்டது, மழை வந்தாலும் கவலையில்லை என்று நம்பி அடுத்த தெளிப்பைத் தள்ளிப்போடுகிறார். மழை வருகிறது, மான்கோசெப் கழுவிப் போகிறது, ஒரு வாரத்துக்குள் வயல் கறுக்கிறது. கடைசியில் "நீங்க சரியா அடிக்கலைங்க" என்ற அறிவுரையும் அவருக்குத்தான்.

மூன்றாவது ஆள்

இந்த உயிரிக்கு ஏ1, ஏ2 என்று இரண்டு பால் வகை. இரண்டும் சேர்ந்தால்தான் மண்ணில் வருடக்கணக்கில் கிடக்கக்கூடிய தடித்த சுவருள்ள வித்து உண்டாகும். நெடுங்காலம் ஏ2 மெக்சிகோவைத் தாண்டியதில்லை. மற்ற உலகம் முழுக்க ஏ1 மட்டும், அதனால் வெறும் நகலெடுப்பு மட்டும். 1976-ல் ஐரோப்பாவில் கடும் வறட்சி. அந்தக் குளிர்காலத்தில் மெக்சிகோவிலிருந்து உருளைக்கிழங்கு கப்பலில் வந்தது. அதோடு புது விருந்தாளிகளும் வந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. 1984-ல் சுவிட்சர்லாந்தில் ஏ2 இருப்பது பதிவானது. யூஎஸ்-1 மெல்லப் பின்வாங்கியது. 1990களில் இந்தியாவின் வட மலைகளிலும் ஏ2 வந்துவிட்டதாகப் பதிவு உண்டு.

பிறகு 2004-ல் நெதர்லாந்து, ஜெர்மனிப் பக்கம் ஒரு புதிய நகல் கண்ணில் பட்டது. பேர் 13_ஏ2. வரைபடத்தில் அதற்கு நீல நிறம் கொடுத்ததால் 'நீலம் 13' என்றும் சொல்வார்கள். மெட்டலாக்சில் எதிர்ப்பு பிறவியிலேயே உண்டு. குளிரிலும் வேகமாகப் பரவும். பிரிட்டனில் நுழைந்த மூன்று வருடத்துக்குள் அங்கிருந்த பின்கருகலில் சுமார் முக்கால்வாசி இதுவாகிவிட்டது.

தென்னிந்தியாவில் 2009, 2010 பருவங்களில் தக்காளித் தோட்டங்கள் வழக்கத்துக்கு மாறாகக் கருகின. ஆமாம், இதே உயிரிதான் தக்காளியையும் தின்னும். நம் பக்கத்துக்குத் தக்காளி பெரும்பாலும் கோலார், மதனப்பள்ளி வட்டாரத்திலிருந்து வருவதால், இது கிழங்குக்காரர்களின் கவலை மட்டும் கிடையாது. பெங்களூரில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் பி. சௌடப்பாவும் குழுவினரும் மாதிரிகளை எடுத்துக் கைரேகை பார்த்தார்கள். மரபணுத் தொகுதியில் குட்டித் துண்டுகள் திரும்ப வரும் சில இடங்களை எடுத்து, ஒவ்வொரு இடத்திலும் எத்தனை தடவை திரும்புகிறது என்று எண்ணுவார்கள். கோப்புக்குச் செக்சம் பார்ப்பது மாதிரிதான். ரெண்டு செக்சம் ஒன்றென்றால் கோப்பும் ஒன்று.

வந்த விடை: 13_ஏ2. ஐரோப்பாவில் இருந்த அதே நகல். 2013-ல் தக்காளி பற்றியும், 2015-ல் தென்னிந்திய உருளை, தக்காளி இரண்டையும் பற்றியும் அவர்கள் கட்டுரை வெளியிட்டார்கள். இறக்குமதியான விதைக்கிழங்கோடு வந்திருக்கலாம் என்பது சந்தேகம். 2013-14 பருவத்தில் மேற்கு வங்காளத்தில் பெரிய அழிவு வந்தபோது எடுத்த மாதிரிகளும் இதே 13_ஏ2தான் என்று 2018-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஆனால் அங்கே ஒரு புதிய செய்தியும் இருந்தது. அடிப்படை ஒன்றுதான் என்றாலும், அதற்குள் பல குட்டி வேறுபாடுகள். ஒரே வெளியீட்டின்மேல் ஊருக்கு ஊர் வேறு வேறு பேட்ச் போட்டமாதிரி. இங்கே வந்தபின் அது சும்மா இருக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் ஒரு விஷயம் முக்கியம். மருந்துக்கு எதிர்ப்பு என்றதும் 'விவசாயி அளவுக்கு மீறி அடித்தார், அதனால் வந்தது' என்றுதான் பேச்சு வரும். 1992-ல் நீலகிரியில் கண்டது உள்ளூரில் பிறந்த எதிர்ப்பாக இருக்கலாம். 2009-க்குப் பின் வந்தது அப்படி இல்லை. எங்கோ ஐரோப்பாவில் பிறந்து, எதிர்ப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டே இறங்கிய ஆள். ஒரு விவசாயி வாழ்நாளில் ஒரு பாக்கெட் மெட்டலாக்சில்கூட அடிக்காதவராக இருந்தாலும், அவர் வாங்குகிற முதல் பாக்கெட்டே வேலை செய்யாது.

யார் வந்திருக்கிறார் என்று கேட்பது

ஐரோப்பா இந்தக் கதையிலிருந்து ஒரு பாடம் கற்றது. யூரோபிளைட் என்ற கூட்டமைப்பு வருடாவருடம் மாதிரி சேகரிக்கிறது. கருகிய இலையை ஒரு தனி ரகக் காகித அட்டைமேல் வைத்து நசுக்கித் தபாலில் அனுப்பினால் போதும். அட்டையில் இருக்கும் ரசாயனம் உயிரியைக் கொன்று டிஎன்ஏவை மட்டும் காப்பாற்றி வைக்கும். ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் நிலையம் போன்ற இடங்களில் கைரேகை பார்த்து, எந்த வட்டாரத்தில் எந்த நகல் என்று வரைபடம் போடுகிறார்கள். 37_ஏ2 என்ற நகலுக்கு ஃப்ளுவாசினாம் மருந்து சரியாக வேலை செய்யவில்லை என்பதும், 43_ஏ1 மாண்டிப்ரோபமிட்டைத் தாங்குகிறது என்பதும் இப்படித்தான் சீக்கிரமே தெரிந்தது. நோயை அவர்களாலும் ஒழிக்க முடியவில்லை. ஆனால் இந்த வருடம் எந்த மருந்துக்குக் காசு கொடுக்க வேண்டாம் என்று அங்கே இருக்கிற விவசாயிக்குத் தெரியும்.

நம்மிடம் ஆளில்லாமல் இல்லை. முத்தோரை நிலையம் 1957-லிருந்து அங்கேயே இருக்கிறது. கைரேகை பார்க்கும் திறமையைப் பெங்களூர் காட்டிவிட்டது. வானிலையை வைத்து நோய் எப்போது வரும் என்று சொல்லும் இண்டோ-பிளைட்காஸ்ட் என்ற முன்னறிவிப்பும் சிம்லா நிலையம் உருவாக்கியதுதான். ஆனால் 'எப்போது வரும்' என்பது பாதிக் கேள்வி. 'யார் வருகிறார்' என்பது மறுபாதி. முன்னறிவிப்பு சரியாக இருந்தும் கையில் இருக்கும் மருந்து அந்த ஆளுக்கு வேலை செய்யாது என்றால் என்ன பயன்?

குஃப்ரி ஹிமாலினி, குஃப்ரி கிர்தாரி மாதிரி பின்கருகலைத் தாங்கும் புதிய மலை ரகங்கள் வந்திருக்கின்றன, நல்ல விஷயம். ஆனால் ஜோதிக்கு ஆனது இவற்றுக்கும் ஆகாது என்று உத்தரவாதம் கிடையாது. உடையும்போது உடனே தெரிய வேண்டும், அதற்கும் கண்காணிப்புதான் வேண்டும். பல இடத்தில் அடிக்கிற பழைய மருந்துகளின் கதியும் நிச்சயமில்லை. மான்கோசெப்புக்கு 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. அதே வருடம் இந்திய அரசு தடைக்காக முன்வைத்த 27 பூச்சிக்கொல்லிகளின் வரைவுப் பட்டியலிலும் அது இருந்தது. உடல்நலக் காரணங்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அது போனால் மிஞ்சுவது பெரும்பாலும் ஒரே இடத்தில் அடிக்கிற மருந்துகள். அவற்றை வைத்துப் பிழைக்க, எதிரில் நிற்பது யார் என்று தெரிந்தே ஆகவேண்டும்.

ஏ1 ஆள் ஒன்று மறுபடி இறக்குமதியாகி, இங்கே இருக்கும் ஏ2-ஐச் சந்தித்தால் என்ன ஆகும் என்பது அடுத்த கவலை. இதுவரை இங்கே நடந்தது நகலெடுப்பு. அதன்பின் நடப்பது கலப்பு. மண்ணிலேயே வருடக்கணக்கில் தங்கும் வித்து, ஒவ்வொன்றும் ஒரு புது ஆள். மூன்று போகம் போடும் மலைக்கு அது எவ்வளவு ஆபத்து என்று சொல்லத் தேவையில்லை. அதனால் வெளிநாட்டு விதைக்கிழங்கைத் துறைமுகத்தில் பார்க்கும்போது நோய் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. 'அதுதான் ஏற்கனவே இங்கே இருக்கிறதே' என்று விட்டுவிடுகிற வாதம் இந்த நோய்க்குச் செல்லாது. இங்கே இருப்பது பேர்தான்.

ஜூன் மாதம் முதல் மழையில் முத்தோரைப் பக்கமோ கோத்தகிரிப் பக்கமோ முதல் புள்ளி தெரியும்போது, பத்து வயலிலிருந்து பத்து இலை எடுத்து, பத்து நாளில் கைரேகை பார்த்து, 'இந்த வருடம் மெட்டலாக்சில் கலந்ததை வாங்காதீர்கள், மழைக்கு முன்னால் எம்-45 அடியுங்கள்' என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்ப முடியும். அதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. 1992-ல் ஒரு ஆய்வுக் குறிப்பில் வந்த செய்தி மலையில் மருந்து வாங்கப் போகிறவரின் காதுக்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை என்பதுதான் இந்த வரலாற்றில் மாற வேண்டிய பகுதி.